துப்பாக்கி லைசென்சும் சுடுகளப் பயிற்சியும்

(ஆத்தூரில் கூடிய நம் சங்கத்துப் பொதுக்கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இச்சங்கத்தின் கூட்டங்களில் கல்வி, வாணிபம், சிக்கனம், திருமணச் செலவைக் குறைத்தல் முதலிய பொருள்களைப் பற்றி நாம் பன்முறை கேட்டும் பேசியும் இருக்கின்றோம். இன்று யாம் எடுத்துக்கொண்ட பொருளோ சற்று வேறானது. துப்பாக்கியை வைத்திருத்தற்கும், அதனை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குக் கொண்டுசெல்லுதற்கும், அதனைக் கொண்டு பழகுதற்கும் அரசாங்கத்தார் வகுத்துள்ள விதிகளே அப்பொருள். வெற்றிலைக் கொடிக்காலும் வாழைத் தோட்டமும் நம் தொழிலாயிருக்க, துப்பாக்கிப் பேச்சு நமக்கு எதற்கென்று சிலர் ஐயுறலாம். அவ்வையம் நீங்குமாறு நம் சங்கத்திலேயே நிகழ்ந்த ஒன்றை முதலிற் சொல்லிவிடுதல் நலம்.

சங்கக் கட்டிடத்தின் கூடத்தில், மறைந்த நம் பழைய தலைவரின் படத்துக்குக் கீழே ஓர் ஒற்றைக்குழல் துப்பாக்கி மாட்டப்பட்டிருந்ததை நீங்கள் அனைவரும் அறிவீர்கள். ஆற்றங்கரையிலிருந்த தம் தோட்டத்தின் காவலுக்காக அப்பெரியவர் முறைப்படி லைசென்சு பெற்று வைத்திருந்த துப்பாக்கி அது. அவர் காலமான பின்னர், குடும்பத்தார் அதனை நினைவுப்பொருளாகச் சங்கத்துக்கு அளித்தனர். நாமும் மகிழ்ந்து பெற்று, எண்ணெய் பூசித் துடைத்து, சுவரில் மாட்டி, ஆண்டுவிழாத்தோறும் மாலை சூட்டி வந்தோம். பன்னிரண்டு ஆண்டுகள் இவ்வாறு கழிந்தன. லைசென்சு என்பது மனிதர்க்கு அளிக்கப்படுவது. அம்மனிதர் மறைந்த பின் அதனைக் காட்டி வேறொருவர் அத்துப்பாக்கியை வைத்திருத்தல் இயலாது. இதனை நம்மில் ஒருவரேனும் எண்ணிப் பார்த்தோமில்லை.

சென்ற ஆண்டு, சட்டக்கல்வி முடித்து ஊர் திரும்பிய நம் இளைஞர் ஒருவர் கூடத்தில் அத்துப்பாக்கியைக் கண்டு, "அண்ணாச்சி, இதற்கு லைசென்சு யார் பெயரில் இருக்கிறது?" என்று எம்மை வினவினார். "பெரியவர் பெயரில்தான், தம்பி" என்றோம். "பெரியவரே இல்லையே, அண்ணாச்சி!" என்றார் அவர். அவ்வொரு சொல்லில் எமக்கு உடல் வியர்த்தது. லைசென்சின்றித் துப்பாக்கி வைத்திருப்பார்க்கு 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி இரண்டு ஆண்டுக்குக் குறையாமல் ஐந்து ஆண்டுவரை சிறையும், அபராதமும் உண்டு. நாம் மாலையிட்டது ஒரு குற்றத்துக்கு என்பதை அன்றுதான் அறிந்தோம். பிழை எம்முடையது, செயற்குழுவினராகிய எம்முடையது. அதனை இச்சபையில் ஒளியாது ஒப்புக்கொள்கின்றோம். நம் பிழையால் நாம் கற்றது மற்றைக் குடும்பங்களுக்குப் பயன்படட்டும் என்பதே இச்சொற்பொழிவின் நோக்கம்.

இனி, இச்சட்டம் வந்த வரலாற்றைச் சிறிது நோக்குவோம். நம் சீமைக்கு ஆயுதப் பறிமுதல் புதியதன்று. பாஞ்சாலங்குறிச்சி வீரபாண்டிய கட்டபொம்மன் 1799 அக்டோபர் 16ஆம் நாள் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டான். அதன் பின்னர் ஊமைத்துரையும் மருது சகோதரரும் நடத்திய போர் 1801இல் ஒடுங்கியதும், அவ்வாண்டு டிசம்பர் முதல் நாளில் சென்னைக் கவர்னராயிருந்த எட்வர்டு கிளைவு பிரபு ஒரு விளம்பரம் பிறப்பித்து, பாளையக்காரரும் குடிகளும் ஆயுதம் வைத்திருத்தலைத் தடுத்தார். கோட்டைகள் இடிக்கப்பட்டன. அந்நாள் முதல் நம் பக்கத்தில் ஆயுதம் என்பது அரசாங்கத்தின் கண்ணுக்குட்பட்ட பொருளாயிற்று.

பின்னர் 1878இல், லிட்டன் பிரபு வைசிராயாயிருந்த காலத்தில், இந்திய ஆயுதச் சட்டம் நாடு முழுமைக்கும் வந்தது. இந்தியர் ஆயுதம் வைத்திருக்க லைசென்சு வேண்டும். ஐரோப்பியர்க்கு விலக்கு உண்டு. ஒரே தெருவில் குடியிருக்கும் இருவரில் தோலின் நிறம் பார்த்து ஒருவரை நம்பி மற்றவரை நம்பாத சட்டம் அது. ஆதலின் தேசபக்தர் அனைவரும் அதனை வெறுத்தனர். 1911 ஜூன் 17ஆம் நாள் மணியாச்சிச் சந்திப்பில் திருநெல்வேலிக் கலெக்டர் ஆஷ் என்பவரை வாஞ்சிநாதன் சுட்டது பிரௌனிங் கைத்துப்பாக்கியால் என்பதையும், அவர் ஆங்கிலச் சட்டம் செல்லாத புதுச்சேரியில் வ.வே.சு. ஐயரிடம் குறிபார்க்கப் பயின்றார் என்று வரலாற்றாசிரியர் கூறுவதையும் நீங்கள் கேட்டிருப்பீர்கள். 1931இல் கராச்சியிற் கூடிய காங்கிரஸ் மகாசபை, விதிகளுக்குட்பட்டு ஆயுதம் வைத்திருத்தலைக் குடிகளின் உரிமைகளுள் ஒன்றாகத் தன் தீர்மானத்திற் சேர்த்தது.

நிற்க. விடுதலை பெற்ற நாட்டின் அரசியலமைப்பு 1950இல் நடைமுறைக்கு வந்தபோது அவ்வுரிமை அதன்கண் இடம்பெறவில்லை. அதற்கு மாறாக, 19ஆம் பிரிவு குடிகளுக்கு, அமைதியாகவும் ஆயுதமின்றியும் கூடும் உரிமையை வழங்கிற்று. சங்கம் அமைக்கும் உரிமையும் அப்பிரிவிலேதான் இருக்கின்றது. நாம் இன்று இங்கே கூடியிருப்பது அவ்வுரிமைகளின் பயனே. 'ஆயுதமின்றி' என்னும் சொல் நாம் கூடும் உரிமையோடு சேர்ந்தே பிறந்தது என்பதை மட்டும் இப்போது மனத்திற் கொள்ளுங்கள்; பின்னர் அதற்குத் திரும்புவோம்.

இன்று நடைமுறையிலிருப்பது 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம். அது 1962 அக்டோபர் முதல் நாளில் செயலுக்கு வந்தது. அதன் கீழ் 1962இல் வகுத்த விதிகள் நீங்கி, 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகள் வந்துள்ளன. 1878ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்த இனவேற்றுமை இதன்கண் இல்லை. விண்ணப்பிப்பவர் 21 வயது நிரம்பியவராயிருத்தல் வேண்டும். போலீசாரின் விசாரணை அறிக்கை வேண்டும். துப்பாக்கியைப் பத்திரமாகக் கையாளப் பயின்றமைக்குச் சான்று வேண்டும். லைசென்சின் காலம் முன்னே மூன்று ஆண்டாயிருந்தது, 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தால் ஐந்து ஆண்டாயிற்று. ஒருவர் மூன்று துப்பாக்கிவரை வைத்திருக்கலாமென்று இருந்ததை அத்திருத்தம் இரண்டாகக் குறைத்தது. பரம்பரையாக வந்ததாயினும் இவ்வெண்ணிக்கைக்கு உட்பட்டதே. அன்றியும், ஒவ்வொரு லைசென்சுக்கும் நாடு முழுமைக்குமான பதிவேட்டில் ஒரு தனி அடையாள எண் உண்டு. 2020 ஜூன் 29ஆம் நாளுக்குப் பின் அவ்வெண் இல்லாத லைசென்சு செல்லாதென்று அரசாங்கத்தார் அறிவித்தனர். வீட்டுப் பெட்டியில் பழைய லைசென்சுப் புத்தகம் வைத்திருப்போர் இன்றிரவே அதனை எடுத்துப் பார்ப்பீர்களாக.

அடுத்து, இறந்தார் துப்பாக்கியைப் பற்றிய விதி. இதுவே நம் குடும்பங்களுக்கு மிகவும் வேண்டுவது. லைசென்சுதாரர் காலமானால், அல்லது லைசென்சு காலாவதியானால், அத்துப்பாக்கியை வைத்திருப்போர் வீண் தாமதமின்றி அருகிலுள்ள போலீஸ் நிலையத்திலோ, லைசென்சு பெற்ற ஆயுத வியாபாரியிடத்திலோ ஒப்படைத்தல் வேண்டும். இது சட்டத்தின் 21ஆம் பிரிவு. ஒப்படைத்தலால் உரிமை போய்விடாது. சட்டப்படியான வாரிசு லைசென்சுக்கு விண்ணப்பித்து அதனைத் திரும்பப் பெறலாம். அல்லது லைசென்சுடையார்க்கு விற்றுவிடலாம். ஆனால் குறித்த காலத்துள் ஒன்றும் செய்யாதிருந்தால் அது பறிமுதலாகக் கூடும். இன்னுமொரு நல்ல வழியும் விதியில் இருக்கின்றது. லைசென்சுதாரர்க்கு 70 வயது நிரம்பினாலும், அல்லது அவர் அத்துப்பாக்கியை 25 ஆண்டுகள் வைத்திருந்தாலும், தம் வாழ்நாளிலேயே தகுதியுள்ள வாரிசு ஒருவர்க்கு அதனை மாற்றித் தருமாறு கேட்கலாம். நிலத்தையும் நகையையும் பற்றி உயில் எழுதும் பெரியோர்கள் துப்பாக்கியை மட்டும் மறந்துவிடுகின்றனர். மறந்ததன் துன்பம் பிள்ளைகளுக்கு வருகின்றது.

நம் பெரியவர் வீட்டிலும் இதுவே நிகழ்ந்தது. யாம் சென்று செய்தியைச் சொன்னபோது அவருடைய மருமகளார் கண் கலங்கி, "மாமா தொட்டு வைத்திருந்த பொருளைக் கொண்டுபோய்ப் போலீசில் கொடுப்பதா? ஊரார் என்ன சொல்லுவார்கள்?" என்றார். "மதினி, கொடுத்துவைப்பது பறிகொடுப்பதாகாது, மறைத்துவைத்து ஒருநாள் அகப்பட்டால் அதுதான் மாமாவின் பெயருக்கு இழுக்கு" என்று சொல்லித் தேற்றினோம். பின்னர் ஒன்றை ஆராய வேண்டியதாயிற்று. துப்பாக்கியைச் சங்கத்திலிருந்து போலீஸ் நிலையத்துக்கு எடுத்துச்செல்வது யார்? எடுத்துச்செல்பவர் வழியில் லைசென்சின்றித் துப்பாக்கி கொண்டுசெல்பவராவாரே! ஆகவே முதலில் நடந்ததை நடந்தபடியே எழுதி, குடும்பத்தாரும் செயற்குழுவினரும் கையொப்பமிட்டு நிலையத்திற் கொடுத்தோம். அவர்கள் வந்து பார்த்து, எண்ணைக் குறித்துக்கொண்டு, எடுத்துச்சென்று ரசீதும் தந்தனர். பேரனார் வாரிசுமுறையில் விண்ணப்பித்துள்ளார். முடிவு எவ்வாறாயினும் ஏற்றுக்கொள்வோம். சுவரில் இப்போது ஆணி மட்டும் இருக்கின்றது.

கொண்டுசெல்லுதலைப் பற்றிச் சொல்லும்போது, நம்மவர் பெரிதும் தவறும் இடம் இதுவே என்பதைக் கூறவேண்டும். லைசென்சு கையிலிருந்தால் எங்கும் எடுத்துச்செல்லலாமென்பது பலர் எண்ணம். அஃது அவ்வாறன்று. ஒவ்வொரு லைசென்சிலும் அது செல்லும் எல்லை எழுதப்பட்டிருக்கும். தூத்துக்குடி மாவட்டத்துக்கு மட்டும் பெற்றவர் அதனோடு திருநெல்வேலிக்குச் செல்லுதல் கூடாது. 1986 அக்டோபர் 20ஆம் நாளில் நம் மாவட்டம் தனியாகப் பிரிந்த பின்னர், பழைய பழக்கத்தால் இரண்டையும் ஒன்றென எண்ணுவோர் இன்னும் உளர். எல்லை கடந்து போக வேண்டியவர் எல்லையை விரிக்குமாறு கேட்கவேண்டும்; அல்லது அப்பயணத்துக்கென்றே தற்காலிக லைசென்சு பெறவேண்டும். வேறு மாவட்டத்துக்குக் குடிமாறி 30 நாளுக்கு மேல் தங்குவோர், 30 நாளுக்குள் புதிய இடத்து அதிகாரிக்கு எழுதித் தெரிவித்தல் வேண்டும். சென்னையிலும் மதுரையிலும் கடை வைக்கச் செல்லும் நம்மவர் இதனைக் குறித்துக்கொள்வார்களாக.

தந்தையின் துப்பாக்கியை மகன் பழுதுபார்க்கக் கொண்டுபோகலாமா என்று ஒருவர் எம்மைக் கேட்டார். போகலாம், ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. லைசென்சுதாரர் உடனிருக்க வேண்டும், அல்லது அவர் கையெழுத்திட்ட அதிகாரக் கடிதம் கையிலிருக்க வேண்டும். பழுதுபார்த்தல், லைசென்சைப் புதுப்பித்தல், லைசென்சுதாரர் தாமே பயன்படுத்தல் ஆகிய காரியங்களுக்கே இவ்விலக்கு. இதனைச் சட்டத்தின் 3ஆம் பிரிவே கூறுகின்றது. கடிதமின்றிப் புறப்படுவது, சீட்டின்றி இரயிலேறுவதினும் பன்மடங்கு கேடு. பொதுவிடத்திற் கொண்டுசெல்லுங்கால் துப்பாக்கி உறையினுள் மூடப்பட்டிருத்தல் வேண்டும். தோட்டாவை வெளியெடுத்துத் தனியே வைத்தல் வேண்டும். வாகைக்குளத்திலிருந்து வானூர்தியிற் செல்வோர், துப்பாக்கியைக் கைப்பையில் வைத்தலாகாது. விமானக் கம்பெனியார்க்கு முன்கூட்டி அறிவித்து, தோட்டா நீக்கி, சரக்கறைக்குச் செல்லும் பெட்டியிற் பூட்டி ஒப்படைக்க வேண்டும். தோட்டாக்கள் தனியே கட்டப்பட்டு, ஒருவர்க்கு ஐந்து கிலோகிராம் எடைக்கு மேற்படாதிருத்தல் வேண்டும். துப்பாக்கி காணாமற் போனால் மானம் கருதி மறைக்காது உடனே போலீசில் எழுதிவைக்க வேண்டும். பின்னொரு நாள் அத்துப்பாக்கியால் ஓருயிர் போனால், முதலிற் கேட்கப்படுபவர் உரியவரே.

தேர்தல் வரும்போது துப்பாக்கிகளைப் போலீஸ் நிலையத்திலோ ஆயுத வியாபாரியிடத்திலோ ஒப்படைக்குமாறு உத்தரவு வருவதை அறிவீர்கள். அதனைச் சிலர் தமக்கு நேர்ந்த அவமதிப்பாகக் கருதுகின்றனர். ஊர் இரண்டுபட்டிருக்குங் காலத்தில் ஆயுதம் கைக்கெட்டாத் தொலைவில் இருப்பது யாவர்க்கும் நன்மையே. ரசீது பெற்றுக் கொடுத்து, தேர்தல் முடிந்தபின் ரசீதைக் காட்டிப் பெற்றுக்கொள்வதில் இழுக்கொன்றுமில்லை.

இனி நம் தோட்டக்காரர்க்கு ஒரு சொல். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற ஆத்தூர் வெற்றிலைக்கும், அதனோடு நாம் வளர்க்கும் வாழைக்கும் பகை பல. காட்டுப்பன்றி கிழங்கைத் தோண்டுகின்றது. மயில் நாற்றைக் கொத்துகின்றது. பயிர்க்காவலுக்கென வாய்வழி மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்கு லைசென்சு அளிக்கச் சட்டத்தின் 13ஆம் பிரிவு இடந்தருகின்றது. ஆனால் துப்பாக்கிக்கு லைசென்சு கிடைத்ததனால் விலங்கைக் கொல்ல அனுமதி கிடைத்ததாகாது. மயில் 1963 முதல் நம் நாட்டுப் பறவை. அதனைக் கொல்லுதல் 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தின்படி பெருங்குற்றம். காட்டுப்பன்றியும் அச்சட்டத்தின் பாதுகாப்புக்கு உட்பட்டதே. 2025இல் தமிழ்நாட்டரசார் காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வந்து பயிரழிக்கும் பன்றியைச் சுட இசைந்தபோதும், சுடுவோர் வனத்துறையாராகவே இருத்தல் வேண்டுமென்று வரையறுத்தனர். ஆகவே பன்றி வந்தால் முறையீடு எழுதுங்கள், துப்பாக்கியை நீட்டாதீர்கள். வெடி வைத்தலும் மின்கம்பி இழுத்தலும் அதனினும் கொடிய செயல்கள். அவற்றில் மாண்டுபோவது பன்றி மட்டுமன்று. இருட்டில் தண்ணீர் பாய்ச்ச வரும் மனிதரும் மாண்டுபோகின்றனர்.

இதுவரை கூடாதவற்றையே கூறினோம். இளைஞர்களே, கூடுவதையும் கூறுவோம். குறிபார்த்துச் சுடுதல் ஓர் உயர்ந்த விளையாட்டு. நம் நாட்டுத் தேசிய ரைபிள் சங்கம் 1951இல் தோன்றிற்று. லோக்சபையின் முதல் சபாநாயகர் மாவலங்கர் அதன் முதல் தலைவர். 2004இல் ஏதென்சு நகரில் ராஜ்யவர்தன் சிங் ரத்தோர் வெள்ளிப் பதக்கமும், 2008இல் பீஜிங்கில் அபிநவ் பிந்திரா தங்கப் பதக்கமும் பெற்றனர். ஒலிம்பிக்கில் இந்தியர் ஒருவர் தனித்துப் பெற்ற முதல் தங்கம் அதுவே. 2012இல் இலண்டனில் வெண்கலம் வென்ற ககன் நாரங் சென்னையிற் பிறந்தவர். காற்றுத் துப்பாக்கியில் உலகப் புகழ்பெற்ற இளவேனில் வாலறிவன் கடலூரிற் பிறந்த பெண்மணி. பறக்கும் தட்டைச் சுடும் போட்டிக்காக 2024இல் பாரிசு சென்ற பிருதிவிராஜ் தொண்டைமான் புதுக்கோட்டையார். அவ்வாண்டு மனு பாக்கர் என்னும் இருபத்திரண்டு வயது நங்கை ஒரே ஒலிம்பிக்கில் இரு வெண்கலம் பெற்றார். பெண்மக்களுக்கு இவ்விளையாட்டு ஏற்றதன்று என்போர் இப்பெயர்களை மனத்திற் கொள்வார்களாக.

பத்து மீட்டர் காற்றுத் துப்பாக்கிப் போட்டியில் குறியின் நடுப்புள்ளி அரை மில்லிமீட்டர் அளவினது, கடுகினும் சிறிது. அதனை நோக்கி 75 நிமிடத்தில் 60 முறை சுடவேண்டும். மூச்சு அடங்கவேண்டும், நெஞ்சுத்துடிப்புக்கும் நெஞ்சுத்துடிப்புக்கும் இடையில் விரல் அசைய வேண்டும். சினங்கொண்டவனுக்கு இது கைவராது. கைத்துப்பாக்கியை இடையிற் செருகித் தெருவில் நடப்பவனுக்கும், இப்பயிற்சியில் நிற்பவனுக்கும் உள்ள தூரம் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரமாகும்.

இக்கழகங்களிற் சேர்வது எவ்வாறென்று கேட்பீர்கள். கழகம் லைசென்சு பெற்றதாயும், மாநிலச் சங்கத்தோடு இணைந்ததாயும், மாநிலச் சங்கம் தேசிய ரைபிள் சங்கத்தோடு இணைந்ததாயும் இருத்தல் வேண்டும். இம்மூன்றையும் கேட்டறிந்த பின்னரே பணம் கட்டுங்கள். சேர்வோர் விண்ணப்பமும், இருப்பிடச் சான்றும், உடல்நலச் சான்றும், நன்னடத்தைக்குரிய சான்றும் தரவேண்டியிருக்கும். சிறுவராயின் பெற்றோர் இசைவு வேண்டும். துப்பாக்கிக்கு 21 வயது என்று சட்டம் சொன்னாலும், விதித்த வயதினை எட்டிய இளையோர் பயிற்சிக்காகக் கழகத்தில் மேற்பார்வையிற் சுடுதற்கு 9ஆம் பிரிவிலேயே விலக்கு உண்டு. கழகத்துத் துப்பாக்கி கழகத்திலேயே இருக்கும். உறுப்பினர் வீட்டுக்குக் கொண்டுவருதல் கூடாது. 4.5 மில்லிமீட்டர் வாயும் 20 ஜூலுக்கு உட்பட்ட விசையும் உடைய காற்றுத் துப்பாக்கிக்கு லைசென்சு வேண்டுவதில்லை. ஆதலின் ஏழைக் குடும்பத்துப் பிள்ளையும் அதிலிருந்து தொடங்கலாம்.

கழகத்தில் முதலிற் கற்பிப்பது சுடுதலன்று. எத்துப்பாக்கியையும் தோட்டா உள்ளதாகவே கருது. குழல்வாயைக் குறியன்றி வேறெங்கும் திருப்பாதே. சுடுங்கணம் வரை விசையில் விரல் வையாதே. 'நிறுத்து' என்னும் ஆணை கேட்டவுடன் நிறுத்து. இந்நான்கும் மனப்பாடமானாலன்றித் தோட்டா கையிற் கிடைக்காது. படிப்படியாய்த் தேறித் தேசியப் போட்டிகளிற் சிறந்து நிற்பார்க்குச் சட்டம் தாராளமாகவே இருக்கின்றது. மற்றையோர்க்கு இரண்டு துப்பாக்கிகளே எல்லையாயிருக்க, புகழ்பெற்ற சுடுநர்க்கு 2020ஆம் ஆண்டு அறிவிப்பின்படி அவர் சிறந்து விளங்கும் போட்டிகளின் எண்ணிக்கைக்கேற்ப எட்டு, பத்து, பன்னிரண்டு வரை இசைவுண்டு. தகுதி ஏற ஏற நம்பிக்கையும் ஏறுகின்றது. குலம் பார்த்து ஏறுவதில்லை.

விதிகள் இத்துணைக் கடுமை எதற்கு என்று ஆறாத இளைஞர் கேட்கலாம். ஸ்காத்லாந்து தேசத்து டன்பிளேன் என்னும் சிற்றூரில் 1996 மார்ச்சு 13ஆம் நாள் ஒருவன் பள்ளிக்கூடத்துட் புகுந்து பதினாறு குழந்தைகளையும் ஓர் ஆசிரியையையும் சுட்டுக்கொன்றான். அவன் கையிலிருந்தவை திருட்டுத் துப்பாக்கிகள் அல்ல. முறைப்படி லைசென்சு பெற்றவை. அதன்பின் 1997இல் அந்நாட்டார் கைத்துப்பாக்கி வைத்திருத்தலையே பெரும்பாலும் தடுத்துவிட்டனர். 1996 ஏப்ரலிலேயே ஆஸ்திரேலியாவில் போர்ட் ஆர்தர் என்னுமிடத்தில் முப்பத்தைந்து பேர் மாண்டனர்; அந்நாட்டரசார் குடிகளிடமிருந்து ஆறு இலட்சத்துக்கு மேற்பட்ட துப்பாக்கிகளை விலைகொடுத்து வாங்கி அழித்தனர். தகுதியற்ற ஒருவன் கையிற் சென்ற லைசென்சு, தகுதியுள்ள ஆயிரவரின் உரிமையைக் கெடுத்தது. சான்று கேட்கும் கழகத்தாரை நொந்துகொள்ளாதீர்கள். அவர் காப்பது உங்கள் விளையாட்டையே.

முடிவாக, இச்சபை இன்று தீர்மானிக்க வேண்டிய ஒன்றுக்கு வருகின்றோம். வருகின்ற ஆண்டுவிழா ஊர்வலத்தில் லைசென்சு உள்ளவர்கள் துப்பாக்கிகளைத் தாங்கி முன்செல்ல வேண்டுமென்றும், வானத்தை நோக்கிச் சுட்டு மரியாதை செய்ய வேண்டுமென்றும் இளைஞர் சிலர் எழுதிக் கொடுத்துள்ளனர். அவர்கள் அன்பு பெரியோரிடத்துள்ள அன்பே; அதில் எமக்கு ஐயமில்லை. ஆனால் திருவிழா, சமய ஊர்வலம், பொதுக்கூட்டம், பள்ளி கல்லூரி வளாகம் ஆகிய இடங்களுக்குத் துப்பாக்கி கொண்டுசெல்லலாகாது என்பது லைசென்சிலேயே எழுதப்பட்ட நிபந்தனை. மகிழ்ச்சிக்காகச் சுட்டுப் பிறர்க்கு அபாயம் விளைத்தல் 2019 முதல் தனிக் குற்றம். இரண்டாண்டுவரை சிறையோ, ஓரிலட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ உண்டு. மேலே சென்ற குண்டு கீழே வந்தே தீரும்; அது யார் வீட்டுக் குழந்தையின்மேல் விழும் என்பதைச் சுட்டவன் அறியான்.

"குடகு நாட்டில் கொடவர்க்கு லைசென்சே வேண்டாமென்கிறார்களே, அச்சமூகத்துக்குள்ள மரியாதை நமக்கில்லையா?" என்று அவ்வெழுத்தில் ஒரு வினாவும் இருக்கின்றது. உண்மைதான். ஆங்கிலேயர் காலந்தொட்டு வந்த அவ்விலக்கு 2029 அக்டோபர் 31 வரை நீட்டிக்கப்பட்டுள்ளது. 2021இல் கர்நாடக உயர்நீதிமன்றமும் அதனை ஏற்றது. அவர்களுடைய கைல்போழ்து விழாவில் ஆயுதத்துக்குப் பூசையும் உண்டு. அது அந்நாட்டு வரலாற்றின் வழிவந்த தனி ஏற்பாடு. நம் பக்கத்து வரலாறு வேறு. இப்பகுதியில் ஓர் ஊர்வலத்தில் ஒரு கூட்டத்தார் ஆயுதத்தை உயர்த்தினால், அடுத்த தெருவார் அதனை மரியாதையென்று கொள்ளார், அச்சுறுத்தலென்றே கொள்வர். பின்னர் அவர்களும் உயர்த்துவர். அரிவாளாலும் நாட்டு வெடிகுண்டாலும் நம் தென்மாவட்டங்களில் எத்தனை தாய்மார் பிள்ளைகளை இழந்தனர் என்பதை இங்குள்ள தாய்மார்களுக்கு யாம் சொல்ல வேண்டியதில்லை. ஆயுதமின்றிக் கூடும் உரிமையால் பிறந்த சங்கம், ஆயுதத்தோடு கூடுமாயின் தன் வேரைத் தானே வெட்டியதாகும்.

நம் கடற்கரையின் பழஞ்செய்தி ஒன்று நினைவுக்கு வருகின்றது. முத்துக்குளிப்புக் காலத்தில், மன்னார்ப் பக்கத்து அரிப்புக் கரையில், இரவில் ஒரு வெடி முழங்கும். அந்த ஓசை கேட்ட பின்னரே படகுகள் ஒருசேரப் பாய்விரிக்கும். அவ்வெடி யாரையும் அச்சுறுத்தியதன்று. எல்லார்க்கும் ஒரே நேரம், ஒரே முறை என்று அறிவித்த வெடி அது. தூத்துக்குடிப் பார்களில் முத்துக்குளிப்பு 1961ஓடு நின்றுபோயிற்று. ஆயினும் வெடியோசை ஒழுங்குக்கு அடையாளமாகவும் இருக்கக்கூடும் என்பதை அப்பழைய வழக்கம் நமக்குக் காட்டுகின்றது.

ஆகவே மூன்று தீர்மானங்களை இச்சபையின்முன் வைக்கின்றோம். முதலாவது, நம் சங்கத்தின் ஊர்வலம், கூட்டம், திருமணம் எதிலும் எவ்வகை ஆயுதமும் கொண்டுவருதல் கூடாது. இரண்டாவது, லைசென்சுதாரர் ஒருவர் மறைந்தால், துக்க வீட்டார்க்கு வேறு கவலை மிகுந்திருக்குமாதலின், சங்கத்துச் சட்டக் குழுவினர் தாமே சென்று விதிகளை எடுத்துச்சொல்லி, துப்பாக்கி முறைப்படி ஒப்படைக்கப்படத் துணை நிற்கவேண்டும். மூன்றாவது, ஊர்வலத்து வாணவேடிக்கைக்கென ஒதுக்கிய தொகையை, அங்கீகாரமுள்ள ஒரு கழகத்தில் காற்றுத் துப்பாக்கிப் பயிற்சி பெற விரும்பும் நம் பிள்ளைகள் இருவர்க்கு, ஒருவர் பெண்ணாயிருக்குமாறு, உதவித்தொகையாக்க வேண்டும்.

பெரியவரின் படத்தின்கீழ் ஆணி வெறிதாயிருக்கின்றதே என்று வருந்தாதீர்கள். நம் பிள்ளை ஒன்று முறையாகப் பயின்று வென்றுவரும் பதக்கம் அவ்வாணியில் ஒருநாள் தொங்குமாயின், தம் துப்பாக்கியை ஒருநாளும் லைசென்சு தவறாது வைத்திருந்த அப்பெரியவர்க்கு அதனினும் பெரிய மாலை வேறில்லை.